கடாரப் படையெடுப்பை எந்தப் பதிப்பில் கட்டுவது?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் விளங்கட்டும். பினாங்கின் பிறை ஊரில் டியூஷன் வகுப்பு நடத்துகிறீர்கள். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை கெடாவிலுள்ள மெர்போக்கிற்கு அழைத்துப்போய், பழைய கோயில்கள் தோண்டியெடுக்கப்பட்ட பூஜாங் பள்ளத்தாக்கைக் காட்டப் போகிறீர்கள். போகும் முன், ராஜேந்திர சோழனின் கடாரப் (இன்றைய கெடா) படையெடுப்பை ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்ற கணினிப் போர் விளையாட்டில் ஒரு சினாரியோவாக, அதாவது நாமே கட்டும் ஆட்டக் களமாகச் செய்து அவர்களை விளையாட வைக்க ஆசை. உங்கள் மாமா கொடுத்த, அந்த விளையாட்டின் பழைய பதிப்பான கான்கரர்ஸ் வட்டு கையில் இருக்கிறது. ஒரு நண்பர் அடுத்து வந்த எச்டி பதிப்பு போதும் என்கிறார், இன்னொருவர் டெஃபினிட்டிவ் எடிஷன்தான் என்கிறார். வகுப்பில் இருப்பது ஆறு பழைய மடிக்கணினிகள். எதில் தொடங்குவது?

டெஃபினிட்டிவ் எடிஷனில் தொடங்குங்கள். இனிமேல் டிஇ என்றே எழுதுகிறேன், எல்லாரும் அப்படித்தான் சொல்கிறோம். அதோடு டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா என்ற கூடுதல் தொகுப்பையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஆறு மடிக்கணினியிலும் ஒரே நேரத்தில் ஓடியே ஆகவேண்டும் என்றால் மட்டும் மாமாவின் வட்டுக்குத் திரும்புங்கள். எச்டி வேண்டாம். அவசரம் என்றால் இதோடு எழுந்து போகலாம். உட்கார நேரம் இருந்தால் காரணங்களைச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கதைக்குச் சரியாக வருவது இன்னொருவர் கதைக்கு வராமல் போகலாம்.

சினாரியோ கட்டும் கருவியான இந்த எடிட்டரை நான் தொட்டது பட்டர்வொர்த்தில் ஒரு சைபர் கஃபேயில். மணிக்கு இரண்டு ரிங்கிட். மற்ற பையன்கள் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டிருக்க, நான் மட்டும் மூலையில் உட்கார்ந்து மரம் நட்டுக்கொண்டிருப்பேன். கடைக்கார அண்ணன், "காசு கொடுத்துத் தோட்ட வேலையா செய்யுற?" என்று கேட்பார். அப்போது பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. மூன்று பதிப்புகளிலும் கட்டியிருக்கிறேன், மூன்றிலும் பட்டிருக்கிறேன்.

முதலில் வரிசை. ஏஜ் ஆஃப் கிங்ஸ் வந்தது 1999. அதன் கூடுதல் தொகுப்பான கான்கரர்ஸ் 2000. இரண்டும் என்செம்பிள் ஸ்டூடியோஸ் செய்தவை. பதின்மூன்று ஆண்டு கழித்து, 2013-இல், ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் எச்டி வந்தது. அதன்மேல் ஃபர்காட்டன், ஆஃப்ரிக்கன் கிங்டம்ஸ், ரைஸ் ஆஃப் தி ராஜாஸ் என்று மூன்று தொகுப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினார்கள். 2019 நவம்பரில் டிஇ. 2022 ஏப்ரலில் டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா. நம் கதைக்கு முக்கியமானவை 2016-இல் வந்த ராஜாஸும் 2022-இல் வந்த இந்தியத் தொகுப்பும்தான். ஏன் என்று பாருங்கள்.

கான்கரர்ஸில் மொத்தம் பதினெட்டு இனங்கள். இந்தியா என்ற பேச்சே இல்லை, மலாய் உலகமும் இல்லை. நான் பள்ளிக் காலத்தில் கடாரம் கட்டியபோது சோழர்களுக்குப் பாரசீகரைப் போட்டேன். காரணம், யானை அவர்களிடம்தான் இருந்தது. எதிரியான ஸ்ரீவிஜயப் பேரரசுக்குச் சீனர். ஆக, கடாரத்துக் கோட்டை சீனக் கூரையோடு நின்றது, சோழர் ஊர் நடுவில் பாரசீகக் குவிமாடம். அந்த வயதில் அது உறுத்தவில்லை. இன்று பிள்ளைகளை ஒரு மணி நேரம் விளையாடவிட்டு அடுத்த நாள் உண்மையான இடத்துக்கு அழைத்துப்போகப் போகிறீர்கள். அங்கே அவர்கள் பார்க்கப்போவது புக்கிட் பத்து பகாட் கோயிலின் கல் அடித்தளத்தை. தலைக்குள் சீனக் கூரை இருந்தால் ஒட்டாது.

ராஜாஸ் தொகுப்பு பர்மியர், கெமர், மலாய்க்காரர், வியட்நாமியர் என்ற நான்கு இனங்களைக் கொண்டுவந்தது. அதோடு, பலர் கவனிக்காத ஒன்றும் வந்தது: கண்டல் காடு. நம் ஊர்ப் பேச்சில் பாக்காவ். மெர்போக் ஆற்று முகத்துவாரம் முழுக்க அதுதானே. கான்கரர்ஸில் அந்த இடத்தில் பனை மரமும் மூங்கிலும் வைத்து ஒப்பேற்ற வேண்டும். புதியதில் ஆழமில்லாத தண்ணீரில் பாக்காவ் வேர் ஊன்றி நிற்பதையே வரையலாம். மேப் வரைபவனுக்கு இது சின்ன விஷயம் இல்லை. கடற்கரை என்றால் மணல் என்று நினைத்து வளரும் பிள்ளைக்கு, இந்தக் கரையில் கப்பல் ஏன் கண்ட இடத்தில் ஒதுங்க முடியாது என்பது பார்த்தவுடன் புரியும்.

இந்தியத் தொகுப்பில் திராவிடர், வங்காளியர், கூர்ஜரர் என்று மூன்று இனங்கள். அதுவரை இந்தியர் என்று ஒரே மூட்டையாக இருந்தவர்களுக்கு இந்துஸ்தானியர் என்று பெயர் மாறியது. திராவிடருக்குச் சுருள்வாள் வீரன் இருக்கிறான், ஆட்டத்தில் அவனுக்கு உறுமி வீரன் என்று பெயர். திரிசடை என்று ஒரு பெரிய போர்க்கப்பலும் உண்டு. குதிரைமேல் வரும் நைட் வரிசை அவர்களுக்குக் கிடையாது. காலாட்படையும் கடற்படையும்தான் பலம், கடாரக் கதைக்கு வேண்டியதும் அதுவே. அதிசயக் கட்டடமாகத் தஞ்சைப் பெரிய கோயிலையே வைத்திருக்கிறார்கள். கிராமத்து ஆளைத் தொட்டால் தமிழில் பதில் சொல்வான். முதல் முறை அதைக் கேட்டபோது நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். இருபது வருடம் பாரசீகம் பேசிய சோழர்களை வைத்து ஓட்டியவனுக்குத்தான் அந்த அருமை தெரியும். ராஜேந்திரனுக்கு அதில் தனி கேம்பெயினே, அதாவது கதையாகத் தொடரும் ஆட்ட வரிசையே, இருக்கிறது. கட்டத் தொடங்கும் முன் அதை ஒரு தடவை விளையாடிவிடுங்கள், அவர்கள் செய்ததையே நீங்களும் செய்துவைக்க வேண்டாம்.

ஆனால் இனமும் படமும் மட்டும் என்றால் இவ்வளவு அழுத்திச் சொல்ல மாட்டேன். சினாரியோ கட்டுபவனுக்கு உண்மையான கேள்வி டிரிகர்.

டிரிகர் என்றால் இவ்வளவுதான்: இது நடந்தால் இதைச் செய். கோட்டை விழுந்தால் செய்தி காட்டு. பத்து நிமிடம் ஆனால் எதிரிக் கப்பலை உண்டாக்கு. இந்த ஏற்பாடு 1999-லேயே வந்துவிட்டது. கான்கரர்ஸ் அதன்மேல் சிலவற்றைச் சேர்த்தது. ஓர் ஆளின் பெயரை மாற்றலாம், உயிர்ப்புள்ளியை மாற்றலாம், அடியை வலுப்படுத்தலாம், காயப்படுத்தலாம். இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு உலகம் முழுக்கப் பையன்கள் செய்த வித்தைகளைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். ஆனால் இரண்டு குறைகள் இருந்தன.

ஒன்று, எண்ணி வைக்க இடம் கிடையாது. நினைவில் வைத்துக்கொள்ள ஒரு மாறி கிடையாது. தஞ்சைக் கோயிலில் வெட்டியிருக்கும் ராஜேந்திரனின் வெற்றிகளைப் பாடும் மெய்க்கீர்த்தியை எடுத்துக்கொள்ளுங்கள். "அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி" என்று தொடங்கும் பகுதி ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், மாநக்கவாரம், கடாரம் என்று பதின்மூன்று இடங்களை அடுக்குகிறது. இவற்றில் ஏதாவது நான்கைத் தாக்கினால் கடாரத்தின் காவல் கலைந்துபோகும் என்று ஒரு விதி வைக்க நினைக்கிறீர்கள். எந்த நான்கு என்பது விளையாடுபவர் விருப்பம். கான்கரர்ஸில் இதை எப்படிச் செய்வது? ஆட்டத்திலேயே இல்லாத ஏழாவது ஆட்டக்காரன் ஒருவனை வைத்து, ஒவ்வொரு ஊர் விழும்போதும் எட்டாவது ஆட்டக்காரன் அவனுக்கு ஒரு கல் கப்பம் கட்டும்படி செய்வோம். அவன் கையில் நான்கு கல் சேர்ந்ததும் அடுத்த டிரிகர் திறக்கும். கல்லை வைத்துக் கணக்கு எழுதுவது! வேலை செய்யும். ஆனால் ஆறு மாதம் கழித்துத் திறந்தால், இந்தக் கல் எதற்கு என்று உங்களுக்கே மறந்திருக்கும். டிஇ-யில் மாறி என்றே ஒன்று உண்டு. அதற்குப் பெயர் வைக்கலாம், ஒன்றைக் கூட்டலாம், நான்கானதா என்று கேட்கலாம். முடிந்தது.

இரண்டாவது, "அல்லது" கிடையாது. பழையதில் ஒரு டிரிகருக்குள் எத்தனை நிபந்தனை போட்டாலும் எல்லாம் சேர்ந்து நடந்தால்தான் ஓடும். கோட்டை விழுந்தாலோ ராஜா பிடிபட்டாலோ என்று சொல்ல வேண்டுமானால், இரண்டு தனி டிரிகர் எழுதி, இரண்டும் மூன்றாவது ஒன்றைத் தட்டி எழுப்பும்படி கட்ட வேண்டும். நான்கைந்து "அல்லது" சேர்ந்துவிட்டால் டிரிகர் பட்டியல் ஜாலான் பினாங்கு மாலை நெரிசல் மாதிரி ஆகிவிடும், எது எங்கே போகிறது என்று தெரியாது. டிஇ-யில் "அல்லது" என்றே ஒரு நிபந்தனை இருக்கிறது. இத்தனை விழுக்காடு வாய்ப்பு என்று குலுக்கல் போடும் நிபந்தனையும் இருக்கிறது. திரையில் ஓடும் நேரக் கடிகாரமும் வைக்கலாம். பழையதில் கடிகாரம் வேண்டுமென்றால் "இன்னும் ஐந்து நிமிடம்", "இன்னும் நான்கு நிமிடம்" என்று ஒவ்வொன்றையும் கையால் எழுத வேண்டும்.

கடிகாரத்தை வேண்டுமென்றேதான் சொன்னேன். உங்கள் கதைக்கு அது உயிர்நாடி. 1025 வாக்கில் நடந்தது ஒரு பாய்ச்சல். சோழர்கள் இங்கே உட்கார்ந்து ஆளவில்லை. வந்தார்கள், அடித்தார்கள், அள்ளிக்கொண்டு திரும்பினார்கள். திரும்ப வங்கக் கடலைக் கடக்க வடகிழக்குப் பருவக்காற்று வேண்டும். அந்தக் காற்று இருக்கும்போதே கிளம்ப வேண்டும். மேலே ஒரு கடிகாரம் ஓடட்டும். காற்று நிற்பதற்குள் வேலையை முடித்துக் கப்பலேறாவிட்டால் தோல்வி. எதிரியின் கடைசி வீடு வரை இடித்தால்தான் வெற்றி என்ற வழக்கமான விதியைத் தயவுசெய்து வைக்காதீர்கள். இந்தக் கதைக்கு அது பொய்.

வெற்றி விதியை மெய்க்கீர்த்தியிலிருந்தே எடுக்கலாம். கடாரத்து அரசனான சங்கிராம விசையோத்துங்க வர்மனை அவன் யானையோடு பிடித்தது, சேர்த்து வைத்திருந்த பெருநிதியை எடுத்தது, நகரின் போர் வாசலில் இருந்த விச்சாதிரத் தோரணம் என்ற அலங்கார வாயிலைக் கைப்பற்றியது என்று வரிசையாகச் சொல்கிறது அது. அப்படியே மூன்று நோக்கங்கள். ராஜா என்ற ஆள் ஆட்டத்தில் தொடக்கத்திலிருந்தே உண்டு. கோட்டை விழுந்ததும் அவரை உங்கள் பக்கம் உரிமை மாற்றிவிடுங்கள். பிறகு காவலோடு கடற்கரைக்கு நடத்திக் கொண்டுவர வேண்டும் என்று வையுங்கள். கரையில் ஒரு கட்டத்துக்குள் அவர் வந்தாலே போதும் என்று முடித்துக்கொள்ளுங்கள். கப்பலில் ஏற்றி, கடல் தாண்டி, இறக்கி என்று இழுத்தால் சோதித்துப் பார்க்கும் வேலை இரட்டிப்பாகும், பிள்ளைகளுக்கும் அலுத்துவிடும். தோரணத்துக்கு ஒரு வாசல் கதவை வையுங்கள். அது விழுந்தால் செய்தி ஒன்று, மாறியில் ஒன்று கூடட்டும். போதும்.

இதை எல்லாம் கான்கரர்ஸிலும் கட்டலாமா? கட்டலாம். நான் கட்டினேன். மூன்று மாதம் ஆனது. டிஇ-யில் அதே எலும்புக்கூட்டை இரண்டு வாரக் கடைசியில் நிறுத்திவிட்டேன்.

சரி, அப்படியானால் பழையது எதற்கு உதவும்? இரண்டு விஷயங்களுக்கு, இரண்டுமே உங்களைத் தொடுபவை.

முதலாவது குரல். கான்கரர்ஸில் உங்கள் குரலைப் பதிந்து எம்பி3 கோப்பாக்கி, ஆட்டத்தின் சவுண்ட் அடைவுக்குள் சினாரியோ என்ற அடைவில் போட்டுவிட்டு, டிரிகரில் அதன் பெயரைச் சொன்னால் போதும், ஒலிக்கும். டிஇ வைஸ் என்ற ஒலி ஏற்பாட்டில் ஓடுகிறது. உங்கள் பதிவை அதற்கேற்ற வடிவத்துக்கு மாற்றி, மாட் (mod) எனப்படும் ஒரு கூடுதல் பொதியாகக் கட்டி, அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும். முடியாதது இல்லை, ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தின்றுவிடும். பிள்ளைகளையே பேச வைத்து மாலுமிக் குரல்களாகப் போட நினைத்தால் இதைக் கணக்கில் வையுங்கள்.

இதில் நான் பட்ட அசிங்கம் ஒன்று. என் முதல் கடாரத்துக்கு, என் தாத்தா போன்ற குரலில் நானே கதை சொல்லிப் பதிந்து வைத்திருந்தேன். நண்பன் வீட்டுக்கு டிஸ்கெட்டில் சினாரியோ கோப்பை எடுத்துப்போனேன். கோப்பு சிறியது, அதில் அடங்கிவிட்டது. ஒலிக்கோப்புகள் சினாரியோவுக்குள்ளேயே இருக்கும் என்று நம்பியிருந்தேன். இல்லை, அவை என் வீட்டுக் கணினியிலேயே இருந்தன. நண்பன், அவன் தங்கை, அவர்கள் அம்மா எல்லாரும் சுற்றி நிற்க, கடாரம் ஊமையாக விழுந்தது. எந்தப் பதிப்பாக இருந்தாலும், முடித்தவுடன் வேறொரு கணினியில் போட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, வலு குறைந்த கணினி. கான்கரர்ஸ் பென்டியம் காலத்து ஆட்டம். உங்கள் வகுப்பில் உள்ள எதிலும் ஓடும். டிஇ-க்கு 64-பிட் விண்டோஸ் 10, குறைந்தது 4 ஜிபி நினைவகம், 30 ஜிபி இடம் என்று கேட்கிறது. குறைந்தது என்று எழுதியிருந்தால் அது மூச்சிரைத்துக்கொண்டு ஓடும் என்றுதான் பொருள். பழைய மடிக்கணினியில் எட்டு ஆட்டக்காரர்களும் நூறு கப்பலும் போட்டால் திரிசடை நத்தையாகிவிடும். வட்டையே புதிய விண்டோஸில் நேராகப் போட்டால் அதற்கும் ஒரு தலைவலி உண்டு. 256 வண்ணக் காலத்து ஆட்டம் என்பதால் சில நேரம் புல் சிவப்பாகவும் தண்ணீர் ஊதாவாகவும் தெரியும். ரசிகர்கள் செய்த யூசர்பேட்ச் அதில் பெரும்பகுதியைச் சரிசெய்கிறது, அகலத் திரைக்கும் ஏற்றதாக்குகிறது. கான்கரர்ஸ் வழியில் போனால் அதையும் சேர்த்தே போடுங்கள்.

ஆனால் ஆறு கணினியிலும் ஓடத்தான் வேண்டுமா? இதை ஒரு தடவை யோசியுங்கள். டிஇ என்றால் ஆளுக்கு ஒரு பிரதி வாங்க வேண்டும், செலவு ஏறும். என் அனுபவத்தில், ஒரே நல்ல கணினியைப் புரொஜெக்டரில் மாட்டி, கப்பல் உனக்கு, யானை உனக்கு, கடிகாரம் பார்ப்பது உனக்கு என்று முறை வைத்து விளையாட வைத்தால் பிள்ளைகள் சத்தம் போட்டுச் சண்டை பிடித்துக் கற்றுக்கொள்கிறார்கள். ஆறு பேரும் ஆறு திரைக்குள் மூழ்கிவிட்டால் கடாரம் எங்கே இருக்கிறது என்று கேட்க ஒருவனும் தலை தூக்க மாட்டான். ஸ்டீமில் தள்ளுபடி வரும்போது ஒரு பிரதியை, இந்தியத் தொகுப்போடு சேர்த்து வாங்குங்கள். அந்தத் தொகுப்பு இல்லாத இன்னொருவர் கணினியில் பிறகு ஓட்டுவதாக இருந்தால், முழுதும் கட்டி முடிக்கும் முன் திராவிடர், மலாய்க்காரர் இருவரையும் வைத்து ஒரு சின்ன வெற்று மேப்பை அங்கே திறந்து பார்த்துவிடுங்கள்.

எச்டி ஏன் வேண்டாம் என்றேன்? அதன்மேல் எனக்குக் கோபம் இல்லை. 2013-இல் அது வரவில்லை என்றால் இந்த ஆட்டமே தூசி படிந்து போயிருக்கும். ஆனால் இன்று அது இரண்டும் கெட்டான். மலாய்க்காரர் கிடைப்பார்கள், திராவிடர் கிடைக்க மாட்டார்கள். கான்கரர்ஸ் போல எந்த ஓட்டைக் கணினியிலும் ஓடும் இலகுவும் இல்லை, டிஇ-யின் மாறிகளும் இல்லை. இன்று சினாரியோ கட்டுபவர்கள் கூடிப் பேசுவதும் கருவிகள் செய்வதும் டிஇ-க்குத்தான். பைத்தான் தெரிந்தால், டிஇ கோப்பைத் திறந்து நூறு டிரிகரை ஒரே ஓட்டில் எழுதித் தரும் நூலகம்கூட இருக்கிறது. பதின்மூன்று ஊருக்கும் ஒரே மாதிரி டிரிகர் என்றால் கையால் ஏன் தட்ட வேண்டும்? டிஇ-க்குள்ளேயே எக்ஸ்எஸ் என்ற எழுத்துமொழியும் உண்டு. முதல் சினாரியோவுக்கு அது உங்களுக்குத் தேவைப்படாது, தள்ளி வையுங்கள்.

இன்னொரு சந்தேகம் உங்களுக்கு வந்திருக்கும்: பழையதில் தொடங்கிவிட்டு, பிறகு புதியதற்கு மாற்றிக்கொள்ளலாமே? கோப்பு மேலே ஏறும், கீழே இறங்காது. ஏஜ் ஆஃப் கிங்ஸின் எஸ்சிஎன் கோப்பைக் கான்கரர்ஸ் திறக்கும். கான்கரர்ஸின் எஸ்சிஎக்ஸ் கோப்பை டிஇ திறக்கும். டிஇ-யில் சேமித்ததைப் பழையதில் திறக்க வழியில்லை. மேலே ஏற்றினாலும் கல்லை வைத்துக் கணக்கெழுதிய டிரிகர்கள் கல்லோடேயே வரும். இனம் மாற்றினால் படை மாறும், படை மாறினால் சமநிலை போகும். நான் என் பழைய கடாரத்தை அப்படி ஏற்றிப் பார்த்தேன். மேப்பை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். ஆகவே, நாளை மாற்றலாம் என்ற நம்பிக்கையில் இன்று பழையதில் தொடங்காதீர்கள். கான்கரர்ஸ் என்று முடிவெடுத்தால் கான்கரர்ஸிலேயே முடியுங்கள். அதில் போட்டதைத் திரும்ப எடுக்கும் வசதி கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள், மலையை ஒரு தடவை தவறாக உயர்த்தினால் உயர்த்தியதுதான். கடாரம்1, கடாரம்2 என்று எண் போட்டுத் தனித்தனியாகச் சேமித்துக்கொண்டே போங்கள்.

மேப் அளவு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எல்லாரும் இங்கேதான் விழுவார்கள். கான்கரர்ஸில் பெரிய மேப் 240-க்கு 240 கட்டம். புதியதில் 480-க்கு 480 வரை போகலாம். உடனே நாகப்பட்டினத்தையும் கடாரத்தையும் ஒரே மேப்பில் போட்டு நடுவில் வங்கக் கடலை ஊற்றத் தோன்றும். வேண்டாம். பாதி நேரம் வெறும் நீலத்தில் கப்பல் ஊர்வதைப் பார்த்துக்கொண்டு இருப்பீர்கள், அதற்குள் பிள்ளைகள் போனை எடுத்துவிடுவார்கள். நாகப்பட்டினத்தை ஒரு மூலையில் சின்னத் துறையாக வைத்துத் தொடக்கக் காட்சியோடு முடித்துவிடுங்கள். அங்கே ஒரு விகாரை இருக்கட்டும். கடாரத்து அரசன் ராஜராஜன் காலத்தில் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரை எழுப்பினான், அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரே தானமாகக் கொடுக்கப்பட்டது. தகப்பன் காலத்தில் கோயில் கட்ட இடம் கொடுத்த நட்பு, மகன் காலத்தில் எப்படிப் படையெடுப்பானது என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்கட்டும்.

மேப்பின் பெரும்பகுதி இந்தக் கரைக்குத்தான். வடக்கே குனோங் ஜெராய், 1,217 மீட்டர். கடலில் வருபவனுக்கு முதலில் கண்ணில் படும் அடையாளம் அதுதான். எடிட்டரில் உயரத்தைக் கூட்டிக் கூட்டி அதை மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும்படி செய்யுங்கள். அதன் தென்புறம் மெர்போக் ஆறு, இன்னும் தெற்கே மூடா ஆறு. ஆற்றுக்குள் கொஞ்ச தூரம் போனதும் துறை. சுங்கை பத்துவில் பழைய இரும்பு உருக்கு உலைகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள், ஆகவே அங்கே ஒரு பட்டறை. நம் தீவு மேப்பின் கீழ் மூலையில் காடாக இருக்கட்டும், அதில் ஒருவரும் வேண்டாம். பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்து "சார், இது பினாங்குதானே?" என்று கத்துவார்கள், பாருங்கள்.

எதிரியைக் கணினியே ஓட்டுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. கான்கரர்ஸின் கணினி ஆட்டக்காரன் தரையில் பரவாயில்லை, ஆளைக் கப்பலில் ஏற்றிப் படையெடுக்கச் சொன்னால் தடுமாறுவான். உங்கள் கதையில் கடல் தாண்டி வருவது மனிதர் கையில் இருக்கும் சோழர்கள்தான் என்பதால் இது பெரிய தொல்லை இல்லை. ஆனால் ஸ்ரீவிஜயத்திலிருந்து உதவிப் படை கப்பலில் வர வேண்டும் என்று வைத்தால், கணினியை நம்பாமல் அந்த வீரர்களை டிரிகராலேயே கரையில் உண்டாக்கிவிடுங்கள். டிஇ-யில் கணினி எவ்வளவோ தேறியிருக்கிறது, இருந்தாலும் எனக்கு இந்தப் பழக்கம் போகவில்லை.

கடைசியாகத் தமிழ் எழுத்து. கான்கரர்ஸில் யூனிகோட் கிடையாது. தமிழில் தட்டினால் கேள்விக்குறி வரிசைதான் வரும். அந்தக் காலத்தில் நாங்கள் "padai kilambattum" என்கிற பாணியில் ரோமன் எழுத்தில்தான் தமிழை எழுதினோம். டிஇ-யில் மலாய் மொழியும் இந்தியும் ஆட்ட மொழிகளாகவே உள்ளன, தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே முதல் நாளே, வெற்று மேப்பில் ஒரு செய்தி டிரிகர் மட்டும் போட்டு, "கொற்றவன் சேனை கௌரவத்தோடு வந்தது" என்று எழுதி ஓட்டிப் பாருங்கள். கொ, சே, கௌ மூன்றும் கொம்பு பிரியாமல் ஒழுங்காக நின்றால் எல்லாச் செய்தியையும் தமிழில் எழுதலாம். நிற்கவில்லை என்றால் செய்தியை மலாயில் போட்டுவிட்டு, தமிழை நீங்கள் வாயால் வாசியுங்கள், புரொஜெக்டர் பக்கத்தில் நின்று. கதை சொல்ல ஆள் நேரில் இருக்கும்போது ஒலிக்கோப்பு வேலையும் மிச்சம்.

மேப் வரையத் தொடங்கும் முன் ஒரு சனிக்கிழமை நீங்கள் மட்டும் தனியாக மெர்போக் போய்வாருங்கள். பாலம் தாண்டத் தேவையில்லை, பிறையிலிருந்து நெடுஞ்சாலையில் வடக்கே போனால் சுங்கை பட்டாணி தாண்டி வந்துவிடும். அருங்காட்சியக வளாகத்தில் கோயில் அடித்தளங்களைப் படம் எடுங்கள், ஓடை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஆற்றங்கரைக்குப் போய்ப் பாக்காவ் எங்கே நின்று எங்கே முடிகிறது என்று ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டு வாருங்கள். மேப்பில் கப்பல் ஒதுங்கும் இடத்தை அந்தக் கோட்டை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கட்டி முடித்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், ஒலிக்கோப்பு இருந்தால் அதையும் மறக்காமல் சேர்த்து.